சயந்தனைப் பார்த்துட்டுத்தான் சபைக்குப் போனார்



சஷ்டி விரதத்துல என்னென்ன சாப்பிடலாம்னு இந்த வாரம் எழுதுறதா சொல்லியிருந்தேன். மன்னிக்கணும், அது அடுத்த பதிவுல வரும். இப்போ வேற ஒண்ணு எழுதியே ஆகணும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

என் அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். பேரு வேண்டாம், தம்பின்னே சொல்றேன். மாசாமாசம் கிருத்திகைக்கு நான் சிறுசேரி ஆபீஸ்ல இருந்து கிளம்பிப் போய் அவனைப் பைக்ல ஏத்திக்கிட்டு திருப்போரூர் போவேன். ரெண்டு மாசமா "ஹோம்வொர்க் இருக்கு மாமா"ன்னு வராம இருந்தான். மூணாவது மாசம் நேரா வீட்டுக்கே போயிட்டேன். அக்கா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க. "இப்பல்லாம் ஃபோனையே தொடறதில்லைடா, எவ்வளவு மாறிட்டான் பாரு"ன்னு சொன்னாங்க. ஒன்பதாவது படிக்கிற பையன் தானா ஃபோனைத் தொடாம இருக்கான்னா, அது எனக்கு நல்ல சகுனமா தெரியலை.

தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். ஆனா கந்த சஷ்டி கவசம் சொல்லும்போது ஒரு இடத்துலயும் திக்காது. பேச்சுல திக்குறவங்க நிறைய பேருக்கு, ராகம் போட்டுப் பாடும்போது அந்தத் தடை வராதாம். ஸ்கூல் அசெம்பிளியில அவனைத் திருக்குறள் சொல்லச் சொல்லியிருக்காங்க. முதல் சொல்லுலயே நின்னுபோச்சு. யாரோ ஒருத்தன் ஃபோனை ஒளிச்சுக் கொண்டுவந்து எடுத்திருக்கான். அந்த நின்னுபோன இடத்தை மட்டும் வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கீழே ஒரு குத்துப்பாட்டு மியூசிக் போட்டு ரீல்ஸ் ஆக்கிட்டாங்க. அப்புறம் அவன் வாய் திறந்திருக்கிற முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர். கிளாஸ் குரூப், பக்கத்து செக்ஷன் குரூப், டியூஷன் குரூப்னு எல்லா இடத்துக்கும் போயிடுச்சு. குட் மார்னிங்குக்கு அந்த ஸ்டிக்கர். "நாளைக்கு லீவா?"ன்னு ஒருத்தன் கேட்டா, பதிலும் அந்த ஸ்டிக்கர்.

இதெல்லாம் அவன் ஒரே மூச்சுல சொல்லலை. மொட்டை மாடியில உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கடைசியில ஒண்ணு கேட்டான். "மாமா, குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசாம இருந்து, திருச்செந்தூர்ல பேச்சு வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும்தான் தினமும் கவசம் சொல்றேன்."

அவ்வளவுதான் கேட்டான். எனக்குப் பதில் வரலை. அந்தக் கதையை நான் அவனுக்கு எத்தனை தடவை உற்சாகமா சொல்லியிருக்கேன்! கேட்கிற பையன் மனசுல அது எப்படிப் போய் உட்காரும்னு ஒரு தடவை கூட யோசிக்கலை. கும்பிட்டா பேச்சு வரும், வரலைன்னா கும்பிட்டதுல ஏதோ குறைன்னு அவனா முடிவு பண்ணிக்கிட்டான். திக்குறது அவன் குறையே இல்லை, முருகன் தண்டனையும் இல்லைன்னு அன்னைக்குச் சொன்னேன். அவன் நம்பினானான்னு தெரியலை.

ராத்திரி தூக்கம் வரலை. நம்ம வேலைப் பழக்கம், உடனே தேட ஆரம்பிச்சேன். யுனெஸ்கோ 2019ல ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கு. உலகம் முழுக்கப் பள்ளி மாணவர்கள்ல 32 சதவீதம் பேர், அதாவது கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர், கடைசி ஒரு மாசத்துக்குள்ள குறைஞ்சது ஒரு தடவையாவது கூடப் படிக்கிறவங்களால கொடுமைப்பட்டிருக்காங்க. 40 பேர் இருக்கிற கிளாஸ்னு வச்சுக்கிட்டா 12, 13 பேர். அதே வருஷம் யுனிசெஃப் 30 நாடுகள்ல இளைஞர்கள்கிட்ட கேட்டப்போ, மூணுல ஒருத்தர் ஆன்லைன்ல இது எனக்கு நடந்திருக்குன்னு சொன்னாங்க. இதனாலயே ஸ்கூலுக்கு மட்டம் போட்டவங்க அஞ்சுல ஒருத்தர். ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா பிள்ளைங்களைப் பத்தி உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2024ல வெளியிட்ட அறிக்கையில, ஆறுல ஒருத்தர் ஆன்லைன்ல அவமானப்படுத்தப்பட்டதா சொல்லியிருக்காங்க.

அதே அறிக்கையில இன்னொரு எண்ணும் இருந்துச்சு. எட்டுல ஒருத்தர், "நான் அடுத்தவங்களுக்கு இதைச் செஞ்சிருக்கேன்"னு ஒத்துக்கிட்டிருக்காங்க.

அந்த இடத்துல ஸ்க்ரோல் பண்றதை நிறுத்திட்டேன். ஏன்னா நான் அந்த எட்டுல ஒருத்தன்.

ப்ளஸ் டூ படிக்கும்போது எங்க கிளாஸ்ல ஒருத்தன். அவன் அம்மா ஸ்கூல் வாசல்ல பலகாரம் விப்பாங்க. அப்பத்தான் எங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு, நான் ஃபோட்டோஷாப் கத்துக்கிட்டிருந்த நேரம். அவன் ஃபோட்டோவைத் தட்டுல இருக்கிற பலகாரத்தோட ஒட்டி, விலைப்பட்டியல் மாதிரி ஒண்ணு செஞ்சு ஃபேஸ்புக் குரூப்ல போட்டேன். அடிக்கலை, கெட்ட வார்த்தை பேசலை, ஒரே ஒரு படம்தான். லைக் ஏற ஏற எனக்கு அவ்வளவு பெருமை. அப்புறம் அவன் அம்மா ஸ்கூல் வாசலுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. ஏன்னு நாங்க யாரும் கேட்கலை. அன்னைக்குக் காலையிலயும் நெத்தி நிறைய விபூதி பூசி, கவசம் சொல்லிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன். அந்த வருஷம் தைப்பூசத்துக்குக் காவடிகூட எடுத்தேன்.

தம்பியோட ஸ்டிக்கரைச் செஞ்ச பையன் டிபியில என்ன இருந்துச்சு தெரியுமா? வேல்.

இப்போ கந்தபுராணத்துக்கு வர்றேன். இந்த மாதிரி விஷயம் வந்தா, நம்ம பக்கங்கள்ல எல்லாம் உடனே என்ன எழுதுவோம்? "முருகன் சூரனை அழிக்கலை, மயிலாவும் சேவலாவும் ஆக்கிக்கிட்டான், எதிரிக்கும் அருள் செஞ்சான்." நானே அப்படி நாலு பதிவு எழுதியிருக்கேன். எனக்கு அந்தப் பகுதி ஏன் அவ்வளவு பிடிச்சதுன்னு இப்பதான் புரியுது. அந்தக் கதையில நான் சூரன் பக்கம். மன்னிப்பு எனக்குத்தான் வசதி.

ஆனா கச்சியப்ப சிவாச்சாரியார் மயிலும் சேவலும் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு பையனைப் பத்தி எழுதி வச்சிருக்கார். இந்திரன் மகன் சயந்தன். அவனைப் பிடிச்சுக்கிட்டுப் போனது சூரபத்மன் இல்லை, சூரபத்மன் மகன் பானுகோபன். தொட்டில்ல கிடக்கும்போதே வெயில் சுடுதுன்னு சூரியனைப் பிடிச்சுக் கட்டிப்போட்டவன். பிரம்மா வந்து பேசித்தான் சூரியனையே விட்டான். அப்படிப்பட்டவன் கையில சயந்தன் சிக்குறான். வீரமகேந்திரபுரத்துச் சிறை. அப்பா, அம்மா பக்கத்துல இல்லை. தேவர்களுக்கு அங்கே கிடைச்ச தண்டனையையும் பாருங்க. மீனும் இறைச்சியும் சுமக்கச் சொல்லியிருக்கான் சூரன். உயிரை எடுக்கலை, மானத்தை எடுத்தான். எல்லார் கண்ணு முன்னாடியும்.

மகேந்திர காண்டத்தை எடுத்துப் படலங்களோட பேரை மட்டும் வரிசையா படிங்க. சயந்தன் புலம்புறு படலம். அடுத்தது சயந்தன் கனவுகாண் படலம். அடுத்தது வீரவாகு சயந்தனைத் தேற்று படலம். அதுக்கு அப்புறம்தான் அவைபுகு படலம்.

வீரவாகு தேவர் யார்? முருகனோட தூதுவர். அவருக்குக் கொடுத்த வேலை, சூரபத்மன் சபைக்குப் போய் தேவர்களை விடுன்னு சொல்றது. கடலைத் தாண்டி, காவலைத் தாண்டி உள்ளே போனவர் நேரா சபைக்குப் போகலை. முதல்ல சிறைக்குப் போறார். அழுதுக்கிட்டிருக்கிற பையன் பக்கத்துல போய், நாங்க வந்துட்டோம்னு சொல்றார். சூரன்கிட்ட பேசுறது அதுக்கப்புறம். அவருக்கும் முன்னாடி முருகனே அந்தப் பையனோட கனவுல வந்துட்டுப் போயிட்டான். அதுக்கும் முன்னாடி, அவன் புலம்பித் தீர்க்கிறதுக்குன்னே ஒரு முழுப் படலம். "அழாதடா, ஆம்பளைப் பையன்"னு அங்கே யாரும் குறுக்கே பேசலை.

அடுத்த நாள் இதைத் தம்பிக்குச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்பவே ஏன் மாமா வெளியே கூட்டிட்டு வரலை?"ன்னான். சரியான கேள்வி. கூட்டிட்டு வரலைதான். தேற்றிட்டு, சிறையிலயே விட்டுட்டுத்தான் போறார். விடுதலை யுத்தம் முடிஞ்சுதான் வருது. நடுவுல அந்தப் பையன் எப்படி இருந்தான்? தனியா இல்லைங்கிற ஒண்ணு மட்டும்தான் அவனுக்குத் தெரியும். இதுக்கு மேல எனக்கு விளக்கம் சொல்லத் தெரியலை, அதனால அதை அப்படியே சொன்னேன்.

பின்லாந்து ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா சால்மிவாலியும் அவர்கூட இருந்தவங்களும் 1996லயே ஒண்ணு எழுதியிருக்காங்க. இந்தக் கொடுமை ரெண்டு பேர் விஷயம் இல்லை, மொத்தக் கிளாஸோட விஷயம். செய்யறவன், கூட நிக்கிறவன், சிரிச்சு ஏத்திவிடறவன், ஒதுங்கிப் போறவன், தடுக்கிறவன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேடம் இருக்கு. தம்பி என்கிட்ட சொன்னதும் இதேதான். ஸ்டிக்கர் செஞ்சவனை விட, அவன் பெஞ்சுலயே உட்கார்ற ஃப்ரெண்டு அதுக்கு ஒரு சிரிப்பு எமோஜி போட்டானே, அதுதான் அவனுக்கு வலிச்சிருக்கு.

அதனால இதைப் படிக்கிற பள்ளிப் பசங்களுக்கும், அண்ணன் அக்காக்களுக்கும் சொல்றேன். முதல்ல பாதிக்கப்பட்டவன்கிட்ட போங்க. தனியா ஒரு மெசேஜ் போதும், "பார்த்தேன்டா, எனக்குச் சிரிப்பு வரலை." சண்டை, பஞ்சாயத்து எல்லாம் அப்புறம். ஃபோனைப் பிடுங்காதீங்க. ஃபோன் போயிடும்னு பயந்துதான் பாதிப் பிள்ளைங்க வீட்ல வாயே திறக்கிறதில்லை. எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, தேதியும் பேரும் தெரியுற மாதிரி. அப்புறம் ரிப்போர்ட் பண்ணுங்க. பிளாக் பண்ணினா இன்னும் கிண்டல் பண்ணுவாங்கன்னு பயமா இருந்தா, இன்ஸ்டாவுல ரெஸ்ட்ரிக்ட்னு ஒண்ணு இருக்கு. உங்க போஸ்ட்ல அவன் போடற கமெண்ட் நீங்க அனுமதிக்காத வரைக்கும் அவனுக்கு மட்டும்தான் தெரியும், ரெஸ்ட்ரிக்ட் பண்ணினது அவனுக்குத் தெரியாது. குழந்தைகள் உதவி எண் 1098, ராத்திரி பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. செத்துப்போகலாம்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும், "ரகசியம்"னு சத்தியம் வாங்கியிருந்தாலும், அந்த நிமிஷமே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லிடுங்க. வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து விழுந்த அருணகிரியைத் தாங்கின கைதான் நாம கும்பிடற கை. நாம சத்தியத்தைக் காப்பாத்துறோம்னு சும்மா நிக்க முடியாது.

அக்காவும் நானும் ஸ்கூலுக்குப் போனோம். வகுப்பாசிரியர் முதல்ல "பசங்க விளையாட்டு"ன்னுதான் ஆரம்பிச்சார். ஸ்கிரீன்ஷாட்டை வரிசையா காட்டினதும் பேச்சு மாறிடுச்சு. தலைமை ஆசிரியர் ரெண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசினார். ரீல்ஸ் போயிடுச்சு. ஸ்டிக்கர் போகலை. ஒருத்தன் அழிச்சாலும் ஃபேவரிட்ல சேர்த்து வச்சிருக்கிற இன்னொருத்தன் ஃபோன்ல அது இருக்கும். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன், எனக்கே அதைத் திரும்ப வாங்க வழி தெரியலை. நான் செஞ்ச படமும் இன்னும் யார் ஹார்ட் டிஸ்க்ல கிடக்கோ.

அந்தப் பையன் ஐடி என்னன்னு கேட்டு யாரும் எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க. நம்ம குரூப்ல இருந்து நூறு பேர் போய் வேல் எமோஜி போட்டுத் திட்டிட்டு வந்தா, அது முருகன் படை ஆகிடாது. அவனுக்கும் பதினாலு வயசுதான்.

என் கூடப் படிச்சவன் நம்பரைப் பழைய நண்பன் ஒருத்தன் மூலமா வாங்கினேன். நாலு தடவை எழுதி அழிச்சு, கடைசியில சமாதானம் எதுவும் சொல்லாம, நான் செஞ்சது என்னன்னு மட்டும் எழுதி, அவன்கிட்டயும் அவன் அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. இன்னைக்கோட பதினொரு நாள் ஆச்சு, பதில் இல்லை. பதில் போடணும்னு அவனுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

போன கிருத்திகைக்குத் தம்பி வந்தான். கேளம்பாக்கம் சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி இருந்து, "வீரவாகு தி... தி... திரும்பி வந்தாரா மாமா?"ன்னு கேட்டான். வந்தார்டா, போர் முடிஞ்சதும் சிறையில இருந்தவங்களைக் கூட்டிட்டு வர முருகன் அவரைத்தான் அனுப்பினான்னு சொன்னேன். சன்னிதியில கூட்டம் அதிகம். அவன் கவசத்தைச் சத்தம் இல்லாம, உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கிட்டு இருந்தான்.

அடுத்த வாரம் விரதச் சாப்பாடு பதிவு கண்டிப்பா வரும்.

ஓம் சரவணபவ.