பிள்ளையின் வலியும் பெற்றோரின் மொழியும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் பழமொழி. எளிய சொற்களில் பெரியதொரு மெய்ப்பொருள் சிக்கலை அது அடக்கி வைத்திருக்கிறது. பிறருடைய மகிழ்ச்சியில் நாம் பங்குகொள்ளலாம். பிறருடைய செல்வத்தை எண்ணிப் பார்க்கலாம். பிறருடைய வலியையோ நாம் உணர முடிவதில்லை. அவர் சொல்வதைக் கேட்டு நம்பலாம், அல்லது நம்பாதிருக்கலாம். வலியுறுவது நம் குழந்தையாக இருக்கும்போது, இந்தச் சிக்கல் ஏட்டளவில் நின்றுவிடாமல் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது.

ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட குழந்தைக்கு என்ன செய்வது என்பதை எல்லா நாட்டுத் தாய்மாரும் அறிவர். புண் கண்ணுக்குத் தெரிகிறது; ஆறுவதும் தெரிகிறது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியும் கால்குடைச்சலும் அத்தகையவை அல்ல. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற, அல்லது திரும்பத் திரும்ப வருகின்ற வலியை நாட்பட்ட வலி என மருத்துவ உலகம் வகுத்துள்ளது. ஜான் ஆப்லி என்னும் குழந்தை மருத்துவர் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி மீண்டும் மீண்டும் வந்தது. அவ்வாறு வலியுற்றோரில் மிகச் சிலரிடமே உடற்கோளாறு கண்டறியப்பட்டது. காரணம் புலப்படாத இத்தகைய வலியின் முன்னர்த்தான் பெற்றோரின் அன்பும் அவர்தம் பண்பாடும் ஒருசேரச் சோதனைக்குள்ளாகின்றன.

பண்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா என்னும் வினாவை 1952-இல் மார்க் ஸ்போரோவ்ஸ்கி என்னும் அறிஞர் தம் ஆய்வுக் கட்டுரையில் எழுப்பினார். நியூயார்க் நகரத்தில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் அவர் நோயாளிகளைக் கண்டு பேசினார். யூதரும் இத்தாலியரும் வலியை வாய்விட்டு அரற்றினர். பல தலைமுறைகளாக அமெரிக்காவிலேயே வாழ்ந்த குடியினரோ அதனை அடக்கிக்கொண்டு, செய்தி சொல்வதுபோல் மருத்துவரிடம் எடுத்துரைத்தனர். இதனினும் நுட்பமான ஒன்றையும் அவர் கண்டார். அரற்றிய இரு சாராரின் உள்ளமும் ஒன்றன்று. இத்தாலியர் அந்நேரத்து வலி நீங்கினால் அமைதியுற்றனர்; யூதரோ இவ்வலி எதன் அறிகுறி, நாளை என்னாகும் என்று கவலையுற்றனர். இம்மனப்பாங்குகள் பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோரிடம் கற்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. ஓர் இனத்தார் அனைவரும் இப்படித்தான் என முத்திரை குத்த இவ்வாய்வு இடந்தராது. எனினும், அழுகை ஒன்றாயினும் அதன் பொருள் வேறாகலாம் என்னும் பாடம் நமக்குப் போதும்.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். தமிழில் வலிக்கு ஒரு சொல் அன்று, ஒரு குடும்பமே உண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், சுருக்கென்ற வலி என ஒவ்வொன்றும் தனித்தனி. ஊரில் இருந்த பாட்டி இச்சொற்களைக் கேட்டே ஓமத்தண்ணீர் தருவதா, ஒத்தடம் கொடுப்பதா என முடிவு செய்தார். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுட் பலரோ, பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசி, வீட்டில் 'வலிக்கிறது' என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர். பெற்றோர் அதனை அரைகுறை இந்தியிலோ ஆங்கிலத்திலோ மருத்துவருக்கு மொழிபெயர்க்கின்றனர். இரண்டு முறை மொழிமாறிய வலியில் குழந்தை உணர்ந்தது எவ்வளவு மிஞ்சும்?

சொல் குறைந்த இடத்தில் வழக்கம் பேசத் தொடங்குகிறது. கண்ணேறு பட்டிருக்கும் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப்போடும் குரல் ஒன்று. 'ஆண்பிள்ளை அழலாமா?' என்னும் குரல் மற்றொன்று. 'பெண்ணாகப் பிறந்தவள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்' என்பது மூன்றாவது. மாதந்தோறும் வலியால் சுருண்டு கிடக்கும் எத்தனை மகளிரை இக்குரல் மருத்துவரிடம் போகாமல் தடுத்திருக்கிறது! வேற்றூரில் உழைத்து முன்னேறத் துடிக்கும் நமக்கு நான்காவது குரலும் உண்டு. தேர்வு நாளன்று காலையில் வரும் வயிற்றுவலியை அது நடிப்பு என்கிறது. சோதனைகளில் ஒன்றும் தென்படவில்லை என்று மருத்துவர் சொன்னால், பிள்ளை பொய் சொல்கிறது என்றே அதன் காதில் விழுகிறது.

காரணம் தெரியவில்லை என்பதும் வலி இல்லை என்பதும் ஒன்றாகுமா? ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிய பிழைக்கு வரலாற்றில் சான்று உண்டு. 1980-களின் நடுப்பகுதி வரையிலும், பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய வலியடக்கும் மருந்தின்றி அறுவை செய்வது பரவலான வழக்கமாக இருந்தது. வாய் பேசாத சிசு வலியை உணராது என்பது அவர்கள் எண்ணம். இந்தியாவில் மருத்துவம் பயின்ற கே. ஜே. எஸ். ஆனந்த் தம் குழுவினரோடு ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட முடிவு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. வலியடக்கும் மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியைக் குறைவாகவே அடைந்தது; அவை நலமாகவும் தேறின. வலி பற்றிய பன்னாட்டு ஆய்வுக் கழகம் 2020-இல் திருத்திய விளக்கத்தில், வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றே குறித்துள்ளது.

அங்ஙனமாயின், நம்புவது என்பது எந்நேரமும் பிள்ளையின் அருகே அமர்ந்து, 'இன்னும் வலிக்கிறதா?' என்று கேட்டுக்கொண்டிருப்பதா? அதுவும் அன்று. அமெரிக்காவில் லின் வாக்கர் என்பவரும் துணைவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. தண்ணீரை வயிறு நிறையப் பருகியதால் அசௌகரியமுற்ற பிள்ளைகளிடம், அதைப் பற்றியே பெற்றோர் பேசியபோது முறையீடுகள் ஏறத்தாழ இருமடங்காயின. கவனத்தை வேறு பக்கம் திருப்பியபோது பாதியாகக் குறைந்தன. பேச்சை மாற்றினால் பிள்ளைக்குத் தீங்காகுமோ என வலியுற்ற பிள்ளைகளின் அன்னையர் அஞ்சினர். பிள்ளைகளோ அதுவே தமக்கு ஆறுதல் தந்தது என்றனர்.

எனவே, நம் கடமை இரு கூறுடையது. பிள்ளை சொல்வதை ஐயமின்றி ஏற்பது முதலாவது. ஏற்றபின், அவ்வலியே வாழ்வின் நடுவாகிவிடாமல் விளையாட்டுக்கும் பள்ளிக்கும் நட்புக்கும் மெல்லக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது இரண்டாவது. முதலாவது இன்றி இரண்டாவதைச் செய்தால் அது கொடுமை. இரண்டாவது இன்றி முதலாவதோடு நின்றால் அது சிறை. அரற்றும் பண்பாடு முதலாவதையும், அடக்கும் பண்பாடு இரண்டாவதையும் நமக்குக் கற்பிக்கின்றன. இரண்டையும் காணும் வாய்ப்பு, பல இனத்தாரோடு சுவர் பகிர்ந்து வாழும் நமக்கு நன்றாகவே வாய்த்திருக்கிறது.

வலி என்னும் சொல்லுக்கு வலிமை என்றும் பொருள் உண்டு. திருவள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தபோது இப்பொருளையே கொண்டார். வினையின் வலிமையோடு துணைவரின் வலிமையையும் அதில் எண்ணச் சொன்னார். பிள்ளை தன் நோவைத் தனியே சுமந்தால் அது வெறும் நோவே. தாயும் தந்தையும் அதனை நம்பித் துணைநின்றால், அதே நோவைத் தாங்கும் வலிமையும் பிள்ளைக்கு வரும். அத்துணைக்கு முதற்படியாக, குடைச்சல் எது, கடுப்பு எது என நம் மொழியைப் பிள்ளைக்குக் கற்றுத்தருவோம். பிறகு அது சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்போம்.