பசித்தவரிடம் மதம் பேசலாமா?

வெள்ளம் வடிந்ததும் மட்டக்களப்பின் எழுவான்கரையில் ஒரு பேச்சு எழுந்துவிடுகிறது. நிவாரணப் பொதியோடு செபக்கூட்டத்துக்கு அழைப்பும் வந்ததாம் என்பார்கள். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றம் வரை போய், அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. பசியோடு நிற்பவரிடம் மதம் பேசுவது பிழை. அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் கிறிஸ்தவர்களே.

ஏனெனில் கிறிஸ்தவம் பிற சமயங்களிலிருந்து வேறுபடும் இடமே இலவசமான மீட்புதான். பௌத்தம் எண்வகை மார்க்கத்தில் நடக்கச் சொல்கிறது. இஸ்லாம் ஐந்து கடமைகளை விதிக்கிறது. மனிதன் தன் செயலால் மீட்பை ஈட்ட முடியாது, கடவுளே மனிதனாகிச் சிலுவையில் மரித்து உயிர்த்து அதை இலவசமாகத் தந்தார் என்பது கிறிஸ்தவம். சைவ சித்தாந்தத்திலும் அருள் உண்டு, அந்த அருள் ஆன்மாவில் பதியும் சத்திநிபாதம் உண்டு. அருள் எங்களுக்கே சொந்தம் என்று எந்தப் போதகரும் உரிமை கோர முடியாது. ஆனால் வரலாற்றில் நடந்த ஒரு சாவிலும் உயிர்ப்பிலும் அந்த அருளை நிறுத்துவது கிறிஸ்தவம். இலவசம் என்பதையே உயிராகக் கொண்ட சமயம் அரிசிக்குப் பதில் ஆளைக் கேட்டால், அது தன்னையே மறுதலிக்கிறது.

லூக்கா நற்செய்தியின் சமாரியன், குற்றுயிராய்க் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். எங்கே தொழுகிறாய் என்று கேட்கவில்லை. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வாங்கும் கடன் என்கிறார் வள்ளுவர். புறநானூற்றில் முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரன் மறுமைக்காக அறம் விற்கும் வணிகன் அல்லன் என்று புகழ்கிறார். தன் மறுமைக்காகக் கொடுப்பதே வணிகம் என்றால், வாங்குபவரின் மறுமையையே விலையாகக் கேட்பதை அந்தப் புலவர் என்னவென்பார்?

பசி வயிற்றோடு முடிவதில்லை. புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்து, கூடைப்பந்தாட்டம் பழக்கிய இயேசுசபைத் துறவி யூஜின் ஹேர்பட், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். ஆபத்தில் இருந்தவர்களுக்கு உதவப் போனவர் அவர். அதே வீதியோரம் வந்தாறுமூலையில், செப்டெம்பர் 5 அன்று பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்களும் திரும்பவில்லை. இப்படி இழந்த வீடுகளின் துயரமும் ஒருவகைப் பசிதான். அந்த வாசலில் ஏறுபவர் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

விரும்பிய மதத்தை ஏற்க அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சுதந்திரம் தருகிறது. நம்பியதைச் சொல்லும் ஆசையும் நியாயமானதே. அதற்கு வேறு வேளை உண்டு.

சபையாரே, பொதியை இன்று கொடுங்கள்; வேதாகமத்தை, கேட்பவர் வீட்டுக்கு மட்டும், வேறொரு நாள் கொண்டுபோங்கள். கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் வீடு உட்பட.