சிறுநீரகத் தொற்றும் சான்றில்லாத மூலிகையும்

சிறுநீர்ப்பையில் பெருகும் கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை, மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்போது குளிர்காய்ச்சலும் விலா வலியும் வாந்தியும் வரும். உரிய ஆன்டிபயாடிக் தாமதமானால் கிருமி இரத்தத்தில் கலக்கும். கருவுற்ற பெண்ணுக்குக் குறைப்பிரசவமும் நேரலாம். இந்த நோய்க்கு மூலிகை மட்டுமே போதும் என்று சொல்வது அறமாகாது. மூலிகை சீனத்து ஆனாலும் நம் ஊர் நெருஞ்சில் ஆனாலும் இதில் வேறுபாடில்லை; சொல்பவரின் நல்லெண்ணமும் இதை மாற்றாது.

சீன மூலிகைகளுக்கான சான்றுகளைக் காக்ரேன் என்னும் மருத்துவச் சான்று அமைப்பின் ஆய்வு 2015இல் தொகுத்தது. தேறியவை ஏழே சோதனைகள், 282 பெண்கள். பலன் இருக்கலாம் என்ற குறிப்பு உண்டு. சோதனைகளின் தரம் குறைவு என்பதால் உறுதி இல்லை. அவையும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்றைப் பற்றியவை, காய்ச்சலோடு சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றைப் பற்றியவை அல்ல. ஜெர்மனியில் சாதாரண நீர்க்கடுப்புக்கு ஊவா உர்சி என்ற இலையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைந்தது. ஆனால் இலை உண்டவர்களிடம் வேதனையும் சிறுநீரகத் தொற்றும் கூடுதலாக இருந்தன.

நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டைக் கஷாயங்கள் நீரைப் பெருக்கும் என்பது வழிவழி அறிவு. நீர் பெருகுவது வேறு, சிறுநீரகத்துக் கிருமி சாவது வேறு.

மூலிகை என்றாலே தீங்கில்லை என்பது இன்னும் கொடிய நம்பிக்கை. பிரஸ்ஸல்ஸில் 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்திருந்தது. அதே இனத்தைச் சேர்ந்தவைதான் தமிழகத்தின் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய், அதன் காரணம், தீர்க்கும் வழி மூன்றையும் ஆராய்ந்த பின்பே மருத்துவனைச் செயல்படச் சொல்கிறது. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றையும் கருதச் சொல்கிறது. யார் வாயில் கேட்டாலும் மெய்ப்பொருளைத் தேடச் சொல்கிறது அறிவுடைமை அதிகாரம். திருமூலரோ உடம்பைப் பேணுவதை உயிரைப் பேணுவதாகவே கொண்டார். சித்தர் பெயரைச் சொல்லிச் சோதனையை மறுப்பவர், இந்த நூல்களின் வழியிலேயே நிற்கவில்லை.

மரபை மதிக்க வேண்டும், நோயாளியின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும் என்பது நியாயமே. ஆன்டிபயாடிக்கை மிகுதியாகக் கொடுத்ததால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதும் உண்மை. ஆனால் பொய் விவரத்தின் மேல் எழுந்த விருப்பம் விருப்பமே அல்ல. புதுச்சேரி நோணாங்குப்பத்தில் உள்ள ஒரு தாய்க்குக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கையில், காய்ச்சலோடு அவரைக் கஷாயத்தில் காத்திருக்க வைப்பது அவருடைய உயிரை வைத்து நடத்தும் சூதாட்டம்.

பொய் வாக்குறுதியின் ஆபத்தைச் சட்டமும் அறியும். சிறுநீரக அழற்சியான பிரைட் நோயையும் சிறுநீரகக் கல்லையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணச் சட்டம் தடுக்கிறது. எழுபது ஆண்டுகள் கழிந்து 2024இல் பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தை மன்னிப்புக் கேட்க வைத்தது. ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கோரும் 170ஆம் விதியை ஆயுஷ் அமைச்சகம் அதே ஆண்டு ஜூலையில் நீக்கியபோது, நீதிமன்றம் ஆகஸ்டில் அந்த நீக்கத்தை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது.