பூக்கல் பாதையும் நடப்பவர் பாதமும்

சென்ற மழைக்காலத்தில் புனே நகரில் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து அங்குக் குடியேறிய அவர், தம்மம் ஏற்ற குடும்பத்தினர். வாயில் முதல் வீட்டுப்படி வரை, தோட்டத்தின் நடுவே, ஆத்தங்குடிப் பூக்கற்களைப் பதித்து நடைபாதை அமைத்திருந்தார். அதன் அழகைக் கண்டு மகிழ்ந்து நின்றபோது, குப்பை எடுக்கும் மூதாட்டி ஒருவர் கூடையுடன் வந்தார். அவர் பாதையில் கால் வைக்கவில்லை. ஓரத்துச் சேற்றில் இறங்கி நடந்தார். கல்லில் கறை படியும் என்று வீட்டார் சொல்லியிருந்தனராம். விருந்தினர் என்னும் கூச்சத்தால் நாமும் வாய் திறவாது திரும்பினோம். அழகுக்காகச் செய்த பாதை யாருக்கு உரியது என்னும் வினா அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை.

அழகை விரும்புதல் குற்றமன்று. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் செய்யப்படும் இக்கற்கள் சூளையில் சுடப்படுவன அல்ல. கண்ணாடிப் பலகையின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றுவர். அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, உலர்த்தி, பல நாள் தண்ணீரில் ஊற வைப்பர். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகாகிறது. நடக்க நடக்க அம்மெருகு கூடும் என்பது செட்டிநாட்டார் அனுபவம். ஆகவே, கறைக்கு அஞ்சி மனிதரை விலக்குவோர் கல்லின் இயல்பையும் அறியாதவரே.

அதே மெருகு திறந்த வெளியில் இடர் தருவதும் உண்டு. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும். நனைந்த கல் வழுக்கும். கரிசல் நிலமோ மழையில் வீங்கிக் கோடையில் சுருங்கி வெடிப்பது. அதன்மேல் நேரே பதித்த கல் எழும்பிப் பிளந்துவிடும். எனவே தொழில் அறிந்த கொத்தனார் கரிசலை வெட்டி அகற்றிச் சரளையிட்டுத் திமிசுக் கட்டையால் இறுக்குவார். நான்கடி அகலத்திற்கு ஓர் அங்குலம் சரிவு வைத்து நீரை வடியச் செய்வார். கால் படும் நடுவிடத்தில் சொரசொரப்பான கல்லையும், இரு கரைகளில் பூக்கல்லையும் பதிப்பார். காண்பவர் புகழ்வது பூவை; நடப்பவரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத அடித்தளம். முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குப் பிறர்மீது அக்கறை வேண்டும்.

புனே நகரின் பழைய வரலாறு நாம் மறக்கத் தகாதது. 1818-ல் முடிவுற்ற பேஷ்வாக்களின் ஆட்சியில், தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் தம் காலடிப் புழுதியைத் தாமே பெருக்கிச் செல்ல இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதே நகரில் மகாத்மா ஜோதிராவ் புலே 1868-ல் தம் வீட்டு நீர்த்தொட்டியை அம்மக்களுக்குத் திறந்துவிட்டார். துடைப்பம் காலடியை அழித்தது. புலேயின் முற்றம் அதே காலடியை வரவேற்றது. நம் வீட்டுப் பாதை இவ்விரண்டில் எதன் வழியது?

போதி இளவரசன் கோகநதம் என்னும் புதிய மாளிகைக்குப் பகவன் புத்தரை அழைத்தபோது, படிகளில் வெண்துகில் விரித்திருந்தான். பகவன் அதன்மேல் அடி வைக்கவில்லை. பின்வரும் மக்கள்பால் கொண்ட இரக்கமே காரணம் என்று ஆனந்தர் விளக்க, துகில் சுருட்டப்பட்டது. அதன் பின்னரே பகவன் படியேறினார். தமக்கு விரித்த சிறப்பைவிடத் தமக்குப் பின் வருவோரை அவர் பெரிதாக எண்ணினார் என்பதே நாம் கொள்ளும் பொருள்.

சாதியைத் துறந்தோம் என்று மேடையில் கூறுவது எளிது. அத்துறவு மெய்யா என்பதை நம் வாயிலுக்கும் படிக்கும் இடையேயுள்ள சில அடி நிலம் காட்டிவிடும். அன்று நாம் காத்த மௌனமும் அம்மூதாட்டியைச் சேற்றில் இறக்கியதே. அன்பருக்கு இதனை மடலில் எழுதியுள்ளோம். நம்மையும் அதில் விலக்கவில்லை. இனிப் பாதை அமைக்கும் நம்மவர், முதற்கல் பதிக்குமுன் ஒன்று கேட்டுக்கொள்வாராக: கூடை சுமந்து வருபவர் இதன்மேல் வழுக்காமலும் அஞ்சாமலும் நடப்பாரா?