முதல் சொல்லா, கடைசிச் சொல்லா?

1865இல் கருங்குழியில் இராமலிங்க அடிகள் ஒரு சங்கம் கண்டார். ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’ என்று பெயர். 1872இல் அவரே அந்தப் பெயரை மாற்றினார். ‘வேத’ நீங்கியது, ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ ஆயிற்று. வேதத்தையும் சைவத்தையும் நம்பி அவரிடம் வந்து சேர்ந்த அன்பர்களுக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

நிறுவியவரே மாறிவிட்டால், அவரை நம்பிச் சேர்ந்தவர்கள் எதற்குக் கட்டுப்பட்டவர்கள்? அவர் முதலில் சொன்னதற்கா, கடைசியில் சொன்னதற்கா?

இன்று தெலங்கானாவின் பட்டான்செருவில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்பவர்களுக்கு 2001ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் வழி காட்டிவிடுகிறது. பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் கொடுத்தால் பெயர் மாறும், விதி மாறும். உறுப்பினரின் நம்பிக்கை அப்படி மாறாது. இராமலிங்கரின் வடலூர் அன்பர்களுடைய சிக்கல் அதுதான்.

இராமலிங்கர் அதை எதிர்கொண்ட விதம் அருமையானது. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் மஞ்சளும் வெள்ளையுமான சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு அன்பர்களிடம் நெடுநேரம் பேசினார். பேருபதேசம் என்று போற்றப்படும் பேச்சு அது. வேதம், ஆகமம், புராணம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கட்டளை. அவரோ தம்மையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். சைவத்தில் தமக்கிருந்த பற்றுக்கு அளவே இல்லை, அது தம் மாணவர் வேலாயுத முதலியாருக்குத் தெரியும், தாம் பாடிய தோத்திரங்களே அதற்குச் சாட்சி என்றார். அப்போது தம் அறிவு அவ்வளவு சிறிதாக இருந்தது என்றும் ஒப்புக்கொண்டார். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய தம் பாடல்களைப் பற்றி ஒரு குரு இப்படிச் சொல்வது எளிதல்ல.

ஆனால் அந்தச் சொல் எல்லாரிடமும் போய்ச் சேரவில்லை. இராமலிங்கரின் பாடல் தொகுப்பில் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த முதல் நான்கு திருமுறைகள் 1867இலேயே வீடுகளுக்குள் புகுந்துவிட்டன. சாதி, சமய வேறுபாடுகளை வெளிப்படையாக உதறும் ஆறாம் திருமுறை 1885இல்தான் அச்சேறியது. அதற்குள் அவர் சித்திவளாக அறைக்குள் புகுந்து மறைந்து பதினோரு ஆண்டுகள் கடந்திருந்தன. நூல் வழியாக அவரை அறிந்தவர்களுக்குப் பழைய இராமலிங்கரே இராமலிங்கராக நிலைத்துவிட்டார்.

அதே காலத்தில் கல்கத்தாவில் நேர்மாறாக நடந்தது. பெண்களின் திருமண வயதுக்காகப் போராடி 1872இல் சட்டம் வரக் காரணமாக இருந்த கேசவ சந்திர சென், 1878இல் அந்த வயதை எட்டாத தம் மகளைக் கூச் பிகார் அரச குடும்பத்துக்கு மணம் செய்து கொடுத்தார். அவர் தலைமையேற்றிருந்த சீர்திருத்த அமைப்பான பிரம்ம சமாஜத்திலிருந்து பலர் வெளியேறிச் சாதாரண பிரம்ம சமாஜத்தைத் தொடங்கினார்கள். தலைவர் பின்வாங்கினார், உறுப்பினர்கள் கொள்கையில் நின்றார்கள். வடலூரில் தலைவர் முன்னே போனார், அன்பர்களில் பலர் பழைய இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

வடலூரில் தாம் எழுப்பிய வழிபாட்டிடமான ஞானசபைக்கு 1872இல் அவர் வகுத்த விதிகளைப் படித்தால், இதை அவர் முன்பே உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. விளக்கேற்றி வைப்பவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதைக் கடந்தவராகவோ இருக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒரு முறை, காலில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே போய், முட்டிக்காலிட்டுத் தூசு துடைக்க வேண்டும். சபையின் திறவுகோல் எந்த ஒருவர் கையிலும் இருக்கக் கூடாது. பூசாரி என்றொரு பதவி முளைக்கவே அதில் இடமில்லை.

இருந்தும் முளைத்தது. சபைக்குள் லிங்கம் வைத்து ஆகம முறையில் பூசை நடப்பதாக அன்பர்கள் முறையிட்டார்கள். அடிகளின் விதிப்படியே வழிபாடு நடக்க வேண்டும் என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று; 2010இல் நீதிபதி சந்துரு அந்த உத்தரவை உறுதி செய்தார். பழக்கத்தில் ஊறிய பூசையைவிட நிறுவியவர் எழுதி வைத்ததே பெரிது என்ற அந்த முடிவு சரியானது. காரணம் சொல்லி, தம்மையே சாட்சியாக்கி மாறியவரின் கடைசிச் சொல்லுக்கு அந்த மதிப்பு உண்டு. அதைச் சபைக்குள் செல்லுபடியாக்க, விதி வகுத்த நாளிலிருந்து 138 ஆண்டுகள் பிடித்தன.