திருவடியும் இல்லத்துப் பாதமும்

உத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள பாகவதர்கள் ஸ்ரீசடாரியைச் சிரத்தில் ஏற்று மகிழ்கின்றனர். அது எம்பெருமானின் திருவடி நிலை. நம்மாழ்வாராகவே அதனைப் போற்றுவது ஸம்ப்ரதாயம். ஸ்வாமி தேசிகன் திருவரங்கன் பாதுகைகளைக் குறித்தே 1008 ச்லோகங்கள் அருளினார். இங்ஙனம் திருவடியின் ஏற்றம் அறிந்த நாம், இல்லத்தில் நடக்கவியலாதிருப்பவரின் பாதத்தைத் தினந்தோறும் ஒருமுறையேனும் பார்க்கிறோமா? இக்கேள்வி அடியேனுக்குப் பாடசாலையில் எழவில்லை. சொந்த இல்லத்தில் எழுந்தது.

அடியேனுடைய தர்மபத்னிக்குப் பக்கவாதத்தால் இடக்கால் செயலிழந்தது. நெடுநாளைய சர்க்கரை வியாதியால் பாதங்களில் உணர்ச்சியும் மங்கியிருந்தது. பாதத்தைத் துடைக்க அமர்ந்தால், "பெருமாள் திருவடியைத் தொடுகிற கை, என் காலைத் தொடலாமோ? அபசாரமன்றோ?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். அதுவே முறையென்று அடியேனும் இருந்துவிட்டேன். ஒருநாள் துர்வாடை வீசிய பிறகே விரலிடுக்கில் புண் இருப்பது தெரிந்தது. வலி தோன்றாமையால் அவரும் அதனை அறிந்திலர். ஒரு விரலை இழந்த பின்னரே புண் ஆறிற்று.

எது அபசாரம்? தொடுவதா, தொடாது விட்டதா?

ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில் இதற்கு விடையுண்டு. யுதிஷ்டிரரின் ராஜஸூய யாகத்தில் ஒவ்வொருவரும் ஒரு பணியை ஏற்றபோது, கண்ணன் ஏற்றது வந்தோரின் பாதம் விளக்கும் பணி. குசேலரின் பாதங்களையும் அலம்பி, அந்நீரைத் தன் சிரத்தில் தரித்தான். அவனுக்குத் தகுந்த பணி அவனை ஆராதிக்கும் கைகளுக்குத் தகாதோ?

ஆயினும் நோயுற்றவரின் கூச்சம் பொய்யன்று. பிறர் கையை எதிர்பார்த்திருப்பதே அவருக்குப் பெரும் வேதனை. அதற்கும் ஸமாதானம் ஸந்நிதியிலேயே இருக்கிறது. அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் அர்ச்சக பராதீனன் என்பர் பெரியோர். ஸர்வசக்தனாயிருந்தும் நீராட்டவும் உடுத்தவும் அமுது செய்விக்கவும் நம் கைகளை எதிர்பார்த்து நிற்கிறான். அவனுக்கு இழுக்காகாத பராதீனம், நோயுற்றவருக்கு எங்ஙனம் இழுக்காகும்? இதனைச் சொன்னபோது தர்மபத்னி நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர்ப் போர்வையைத் தாமே விலக்கினார்.

அன்றுமுதல் காலைத் திருவாராதனம் முடிந்ததும் இதுவும் அடியேனுக்கு நித்ய கைங்கர்யம். வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு யாவற்றையும் நோக்குதல். முழங்கையால் சூடு பார்த்த வெதுவெதுப்பான நீரில், நெடுநேரம் ஊறவிடாது அலம்புதல். மெல்லிய துணியால் விரலிடுக்குகளில் ஈரம் போக ஒற்றுதல். விரலிடுக்கு நீங்கலாகத் தேங்காயெண்ணெய் தடவுதல். நகத்தை ஓரம் குடையாது நேராக நறுக்க வேண்டும். காய்ப்பைப் பிளேடால் சீவலாகாது. படுத்திருக்கையில் குதிகால் படுக்கையில் அழுந்தாதபடி கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்தல் நலம். சிவப்போ, கொப்புளமோ, புண்ணோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

யாத்ரிகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் உச்சி வெயிலில் பிராகாரக் கல்லில் நடக்கலாகாது. கால் வெந்தாலும் தெரியாது. விடியலிலோ அந்தியிலோ ப்ரதக்ஷிணம் செய்து, பின்னர் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்க. குனிய இயலாதவர் உடன் வந்தவரிடம் கூசாது பாதத்தை நீட்டுக. அதனை ஏந்துபவர், திருமஞ்சன வேளையின் பக்தியோடு ஏந்துக.