அனுப்பும் கூலியை மறைக்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பாலை ஒன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து அமர்ந்தார். அவருடைய மனைவி வீட்டில் மக்கனா தைக்கிறார். அவற்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, ஓய்வு நேரத்தில் இவர் வெளியூர்களுக்கு விற்கிறார்.

“ஹஜ்ரத்! விலை ரூ.250 என்று மட்டும் போடுகிறோம். வாங்குபவர் நிறம் தேர்ந்து, விலாசமும் தந்த பிறகு, கூரியர் கூலி ரூ.80 என்று சொல்கிறோம். கூரியர்காரருக்கு நாங்கள் கொடுப்பது ரூ.50. முதலிலேயே ரூ.330 என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கம்பெனிகளும் இப்படித்தானே செய்கின்றன? பணம் கட்டுமுன் முழுத் தொகையும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் என்ன தவறு?” என்று கேட்டார்.

இது எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று. இருவரின் பொருத்தத்துடன் நடக்கும் வியாபாரத்தையே திருக்குர்ஆன் (4:29) அனுமதிக்கிறது. விலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டும் இங்கே இருக்கின்றன. பிறகு குறை எங்கே?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சுமந்து செல்வதற்குக் கூலி கேட்பது ஆகும். ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’வில், அசலும் இலாபமும் சொல்லி விற்கும் ‘முராபஹா’ வியாபாரத்தின் பாடத்தில் இது வருகிறது. சரக்கைச் சுமந்து வந்த கூலி, சாயமிட்ட கூலி ஆகியவற்றை அசலோடு சேர்க்கலாம். ஆனால் “இந்த விலைக்கு வாங்கினேன்” என்று சொல்லலாகாது, “எனக்கு இவ்வளவு அடங்கிற்று” என்றே சொல்ல வேண்டும் என்கிறது அந்நூல். தொகை இரண்டிலும் ஒன்றுதான். எனினும் முதல் வார்த்தை பொய்யாகிவிடும் என்பதால் இமாம்கள் அதைத் தடுத்தார்கள்.

இதைக் கொண்டு நம் சகோதரரின் 80 ரூபாயைப் பார்ப்போம். அதில் 50 கூலி. மீதி 30 அவருடைய இலாபம். இலாபம் வைப்பது குற்றமன்று. மக்கனாவின் விலையை ரூ.280 என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இலாபத்துக்குக் ‘கூரியர் கூலி’ என்று பெயர் சூட்டியதே பொய்.

அப்படியானால், உண்மையான 50 ரூபாயை மட்டும் கேட்டு, அதைக் கடைசியில் சொன்னால்? இங்கே பொய் வார்த்தை ஏதும் இல்லையே!

இதற்கு விடை ஆட்டுச் சந்தையில் இருக்கிறது. பாலைக் கறக்காமல் சில நாள் மடியிலேயே தேக்கி, மடி பெருத்த ஆட்டைச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள். விற்பவர் பொய் பேசுவதில்லை. வாங்குபவர் தம் கண்ணாலேயே மடியைப் பார்க்கிறார். ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்செயலைத் தடுத்தார்கள். அத்தகைய ஆட்டை வாங்கியவர், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு ஆட்டைத் திருப்பித் தரலாம் என்றும் அறிவித்தார்கள். திருப்பும் உரிமை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செயல் கூடாது என்பதில் இல்லை.

அப்படியென்றால், நாவால் பொய் சொல்லாமலும் ஏமாற்ற முடியும். பிறர் தவறாக எண்ணும்படி ஒன்றை அமைத்து வைப்பதும் ஏமாற்றே. ரூ.250 என்ற எண் அந்தப் பெருத்த மடி போன்றது. நிறம் தேர்ந்து, விலாசமும் கொடுத்து, மனம் பொருளின் மேல் படிந்த பிறகு வரும் 50 ரூபாய்க்கு, “சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று” என்று தலையசைப்பதே மனித இயல்பு. அந்தத் தலையசைப்பை நம்பித்தானே கூலியைக் கடைசியில் வைக்கிறோம்!

நாட்டுச் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், அனுப்பும் கூலி, கையாளும் கூலி, வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவினையோடும் காட்டச் சொல்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 30-11-2023 அன்று தடுத்த 13 தந்திரங்களில், விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பிறகு சொட்டுச் சொட்டாகக் காட்டுவதும் ஒன்று. பாதிக்கப்பட்டோர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். ஆனால் முஃமினுக்குச் சட்டத்தின் கண் படாத இடத்திலும் ஒரு கண் இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் செய்வது நமக்கு ஆதாரமாகாது. முழு விலையைச் சொன்னால் வியாபாரம் குறையும் என்ற அவருடைய அச்சத்தை நாம் மறுக்கவில்லை, குறையலாம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பரக்கத் என்பது எண்ணிக்கை மட்டுமன்று.

“மக்கனா ரூ.280, கூரியர் ரூ.50, ஆக ரூ.330 என்று முதல் வரியிலேயே போடுங்கள். கூலியின் பெயரால் கூடுதலாக வாங்கியதை, வாங்கியவர் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள், தெரியாவிட்டால் அவர் பேரில் தர்மம் செய்யுங்கள், அதுவே பேணுதல்” என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செல்போனை எடுத்து, பழைய முகவரிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.